இறக்கி வைக்க முடியாத காவடி

தைப்பூசத் திருநாள் நெருங்கிவிட்டால், பலவகையான ஐயங்களுக்கு விளக்கம் கேட்டு இளையோர் நம் ஆலய மண்டபங்களுக்கு வருவதுண்டு. விரதம் எத்தனை நாள், காவடி எவ்வளவு பாரம் இருக்கலாம், அலகு குத்திக்கொள்வதற்கு முன்பு எதை உண்ணலாம் என்பன வழக்கமான வினாக்கள். அண்மைக் காலமாக இவற்றுடன் மற்றொரு வினாவும் சேர்ந்துகொண்டுள்ளது. "ஐயா, கையில் சிறியதாக ஒரு வேல் பச்சை குத்திக்கொள்ள விரும்புகிறேன். நம் சமயம் அதற்கு இடம் தருகிறதா?" என்பதே அவ்வினா.

இதற்குப் பெரியவர்கள் கூறும் மறுமொழி பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகவே இருக்கக் காண்கிறோம். "அதெல்லாம் காலிகள் செய்கின்ற வேலை, போய்ப் படிக்கிற வழியைப் பார்" என்று அதட்டி அனுப்புவது ஒன்று. "உன் உடம்பு, உன் விருப்பம்" என்று சொல்லிக் கைகழுவிவிடுவது மற்றொன்று. இரண்டுமே தவறு என்பது என் கருத்து. முதலாவது மறுமொழி நம் மரபை அறியாமல் எழுவது. இரண்டாவது, கேட்க வந்த பிள்ளையின் மீது அக்கறை இல்லாமல் எழுவது.

காவடியைத் தோளில் சுமந்து செல்லும் அன்பர், பத்துமலையின் 272 படிகளையும் ஏறிச் சந்நிதியை அடைந்ததும் அதனை இறக்கி வைத்துவிடுகிறார். அலகு ஏறிய துளைகளும் சில நாள்களில் ஆறி மறைந்துவிடுகின்றன. பச்சை அப்படிப்பட்டதன்று. ஒரு முறை ஏற்றிக்கொண்டால் ஆயுள் முழுவதும் சுமக்க வேண்டிய காவடி அது. எனவே, குத்திக்கொள்ளலாமா கூடாதா என்பதைக் காட்டிலும், எதனை, எவ்விடத்தில், எவ்வளவில், எப்போது என்று ஆராய்வதே அறிவுடைமை.

நம்மவர்க்குப் புதிதன்று

பச்சை குத்துதல் மேல்நாட்டு நாகரிகத்தால் வந்த கேடு என்று எண்ணுவோர் தத்தம் பாட்டிமாரின் முன்னங்கைகளை ஒரு கணம் நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் குறத்தியர் வீடு வீடாக வந்து பச்சை குத்திய காலம் ஒன்று இருந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராகப் பணிபுரிந்த எட்கார் தர்ஸ்டன் என்பார், 1909 ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய நூலில் அந்த மையைத் தயாரிக்கும் முறையை எழுதி வைத்திருக்கிறார். மஞ்சள்தூளையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்துத் துணியில் வைத்துத் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே கவிழ்த்த புதுச்சட்டியின் உட்புறத்தில் படியும் கரியைச் சுரண்டி எடுத்து, தாய்ப்பாலிலோ நீரிலோ குழைத்தால் மை ஆயத்தமாகிவிடும். கருப்பாக உள்ளே செல்லும் அந்த மை, தோலின் ஊடாகப் பார்க்கும்போது பசுமை கலந்த நீலமாகத் தோன்றும். 'பச்சை' என்ற பெயருக்கு அதுவே பொருத்தம்.

அருளாளர் வரலாற்றிலும் உடலில் குறி பெற்ற நிகழ்ச்சி உண்டு. பெண்ணாகடத்துத் திருத்தூங்கானைமாடத்தில் திருநாவுக்கரசு சுவாமிகள் இறைவனிடம் வேண்டியது பொன்னும் பொருளும் அன்று. சமண சமயத்தோடு தொடர்புற்றிருந்த இவ்வுடலோடு வாழத் தரியேன், இதன்மீது உன் சூலக்குறியையும் இடபக்குறியையும் பொறித்தருள வேண்டும் என்றே அவர் விண்ணப்பித்தார். அவ்வாறே அவருடைய திருத்தோள்களில் அவை பொறிக்கப்பட்ட வரலாற்றைப் பெரியபுராணம் கூறுகிறது. வைணவ அன்பர்கள் ஆசாரியரிடம் சமாசிரயணம் பெறும்போது வலத்தோளில் சக்கரமும் இடத்தோளில் சங்கும் பொறிக்கப்படுவது இன்றளவும் நடைபெற்று வருகிறது.

இவையெல்லாம் சூட்டுக்குறியும் அருட்குறியும் ஆயிற்றே, ஊசியால் குத்துவது ஆகாதே என்று சிலர் வாதிடக்கூடும். அவர்கள் சத்தீஸ்கர் மாநிலத்து இராமநாமி அன்பர்களை எண்ணிப் பார்க்கட்டும். சாதியின் பெயரால் கோயிலுக்குள் நுழைய மறுக்கப்பட்ட அம்மக்கள், 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இராம நாமத்தைத் தங்கள் உடல் எங்கும் பச்சை குத்திக்கொள்ளத் தொடங்கினர். கோயில் கதவு அடைக்கப்பட்டபோது தங்கள் உடலையே அவர்கள் கோயிலாக்கிக்கொண்டனர். இதனைக் காலித்தனம் என்று கூற எவருக்கு நா எழும்?

பெரியவர்களின் அச்சம்

ஆயினும் பெற்றோரின் அச்சத்தில் நியாயமே இல்லை என்று நான் கூற மாட்டேன். மலேசியாவில் 2013 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 49 இரகசியக் கும்பல்களைச் சட்டவிரோதமானவை என்று உள்துறை அமைச்சு அறிவித்தது. எண்களையே அடையாளமாகக் கொண்ட கும்பல்கள் அப்பட்டியலில் இருந்தன. நம் இனத்து இளைஞர்கள் சிக்கிக்கொண்ட கும்பல்களும் இருந்தன. மகனின் புயத்தில் புதிதாக ஒரு குறியைக் காணும் தாய்க்கு நெஞ்சு துணுக்குறுவது இயல்பே. சூலத்திற்குப் பக்கத்தில் ஓர் எண்ணையும் சேர்த்துக் குத்திக்கொண்டு, கேட்டால் சாமிக்காக என்று சொல்பவர், முருகப் பெருமானைத் தம் கும்பலுக்குக் கொடியாக்குகிறார். அத்தகையோருக்கு இக்கட்டுரையில் இடமில்லை.

ஆனால் அந்த ஒரு சிலரைக் காட்டி, உண்மையான பக்தியோடு கேட்க வரும் பிள்ளையையும் விரட்டிவிட்டால் என்ன நேரும்? அவன் குத்திக்கொள்ளாமல் இருந்துவிடப் போவதில்லை. நம்மிடம் கேட்காமல் குத்திக்கொள்வான். வேலின் இலக்கணமும் தமிழ் எழுத்தும் அறியாத ஒருவர் கையில் தன் கையை நீட்டுவான். பிழை நேர்ந்த பிறகு நாம் வருந்தி என்ன பயன்?

பொருள் முந்தட்டும்

சிறிய குறி ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர், அதற்குரிய பொருளை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சரவாக் மாநிலத்து ஈபான் மக்களிடம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. அவ்வினத்து இளைஞன் நீள்வீட்டை விட்டு வெளியுலகப் பயணம் புறப்படும் பருவத்தில் இரு தோள்களின் முன்புறத்திலும் கத்திரிப்பூ வடிவத்தைக் குத்திக்கொள்வது மரபு. பூவின் நடுவே உள்ள சுருள் உயிரின் கயிற்றைக் குறிக்கும். அழகாக இருக்கிறது என்பதற்காக அவர்கள் அதனை ஏற்கவில்லை. வாழ்க்கையின் ஒரு கட்டத்தைக் கடந்ததற்குச் சான்றாக ஏற்றனர்.

நம் இளையோரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இதுதான்: எந்த நன்றிக்காக, எந்த உறுதிமொழிக்காக, யாருடைய நினைவுக்காக இக்குறி? இவ்வினாவுக்கு ஒரே வாக்கியத்தில் விடை கூற முடிந்தால் குறியும் ஒன்றாகச் சுருங்கிவிடும். விடை நீண்டுகொண்டே போனால் மனம் இன்னும் தெளியவில்லை என்று பொருள்.

எனக்குத் தெரிந்த பெண்மணி ஒருவர், தாயார் மறைந்த துயரத்தில், முதுகு நிறைய அம்மன் திருவுருவத்தைக் குத்திக்கொள்ள எண்ணினார். ஏன் அம்மன் என்று கேட்டேன். "எங்கள் அம்மா வெள்ளிதோறும் அம்மனுக்கு முன்பு கோலம் போடுவார்" என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "எனக்கு வேண்டியது அந்தக் கோலந்தான்" என்று தாமே கூறினார். இன்று அவருடைய முன்னங்கையின் உட்புறத்தில் ஒன்பது புள்ளிகளைச் சுற்றி வளையும் சிறியதொரு சிக்குக்கோலம் இருக்கிறது. பிறர் கண்ணுக்கு அது வெறும் அணி. அவருக்கோ அது தாயின் விரல்.

தெய்வத் திருமுகங்களைச் சிறிய அளவில் குத்துவதை நான் பரிந்துரைப்பதில்லை. கண்ணும் மூக்கும் வாயும் ஒரு காசு அளவில் அடங்கமாட்டா. காலப்போக்கில் கோடுகள் கலங்கித் திருமுகம் உருக்குலைந்து போனால், அதனைச் சுமப்பவரின் மனமும் வருந்தும். வேல், மயிலிறகு, திரிசூலம், வில்வ இலை, திருவடி, தீபச்சுடர் போன்ற குறிகள் சில கோடுகளிலேயே நிறைவு பெறுகின்றன. காதலியின் பெயரையோ காதலனின் பெயரையோ தெய்வக் குறியோடு இணைப்பதும் வேண்டா. மனிதர் மாறக்கூடும். மாறாத ஒன்றன் பக்கத்தில் மாறக்கூடியதை எழுதி வைப்பானேன்?

சிறியது எளியதன்று

குறி சிறியதாக இருந்தால் ஆபத்தும் சிறியது என்று பலர் நினைக்கின்றனர். உண்மை அதற்கு மாறானது. மை தங்குவது தோலின் மேலடுக்கில் அன்று, அதற்குக் கீழுள்ள அடுக்கில். ஆண்டுகள் செல்லச் செல்ல மையின் துகள்கள் சற்றே பரவுகின்றன. மயிரிழை போன்ற கோடு தடிக்கிறது. நெருக்கமாக உள்ள இரு கோடுகள் ஒன்றாகிவிடுகின்றன. பெரிய படத்தில் இது தெரியாது. சிறிய குறியிலோ உருவமே மாறிவிடும். ஆகவே, சிறியதாக வேண்டுவோர் குறியின் அளவைக் குறைப்பது மட்டும் போதாது. கோடுகளின் எண்ணிக்கையையும் குறைக்க வேண்டும். கோடுகளுக்கு இடையே போதிய வெளி விட வேண்டும்.

தமிழ் எழுத்தைத் தேர்ந்தெடுப்போர் இதில் இன்னும் கவனமாக இருத்தல் வேண்டும். நம் எழுத்துகள் சுழிகளால் ஆனவை. மூன்று சுழி 'ண'கரத்திற்கும் இரண்டு சுழி 'ன'கரத்திற்கும் உள்ள வேறுபாடு ஒரு சுழி மட்டுமே. மை பரவினால் அவ்வேறுபாடு அழிந்துவிடும். மெய்யெழுத்தின் தலையில் உள்ள புள்ளியை மறந்தால் 'ஓம்' என்பது 'ஓம' ஆகிவிடும். 'முருகன்' 'முருகன' ஆகிவிடுவான். கணினியிலிருந்து அச்செடுக்கும்போது கொம்பும் எழுத்தும் இடம் மாறி நிற்பதும் உண்டு. 'தே' என்பதில் எழுத்துக்கு முன்னே நிற்க வேண்டிய கொம்பு பின்னே போய் நிற்கும். தமிழ் படிக்கத் தெரியாத கலைஞருக்கு அது பிழை என்று எப்படித் தெரியும்? தோலின்மீது மாதிரியை ஒட்டிய பிறகு, ஊசி படுவதற்கு முன்பு, தமிழறிந்த ஒருவர் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்ப்பது இன்றியமையாதது. ஒரு நிமிட வேலை அது. அதனைச் செய்யாதவர் பிழையை எரிக்குமிடம் வரை சுமக்க நேரிடும்.

நிறத்தைப் பொறுத்தவரை, நம்மவரின் மாநிறத்திற்கும் கருநிறத்திற்கும் கருப்பு மையே உகந்தது. மஞ்சளும் வெளிர்நிறங்களும் விரைவில் மங்கிப் புலப்படாமல் போகும்.

இடமும் திசையும்

தெய்வக் குறி இடைக்குக் கீழே இருத்தல் ஆகாது. காலில் மிதிபடும் இடத்தில் ஓங்காரத்தை எழுதிக்கொண்டு சந்நிதியில் நிற்பது எவ்வாறு பொருந்தும்? விரல்களின் பக்கவாட்டிலும் உள்ளங்கையிலும் குத்தினால் விரைவில் அழிந்து திட்டுத்திட்டாகிவிடும். மேற்புயம், தோள், மார்பு, முன்னங்கையின் உட்புறம் ஆகியவை தக்க இடங்கள்.

திசையை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. வேலின் கூர் மேல்நோக்கி இருக்க வேண்டும் என்பதை யாவரும் அறிவோம். ஆனால் கையில் எது மேல், எது கீழ்? கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது ஒன்றாகவும், தலைக்கு மேல் குவிக்கும்போது வேறொன்றாகவும் அன்றோ இருக்கிறது! நான் கூறும் முறை இது: மார்புக்கு நேரே கைகூப்பி நில்லுங்கள். அந்நிலையில் முன்னங்கையில் மணிக்கட்டே மேல், மேற்புயத்தில் தோளே மேல். வணங்கும் நிலையில் நிமிர்ந்து நிற்கும் வேலே வணங்குபவனுக்கு உரிய வேல். கண்ணாடியில் பார்த்து முடிவு செய்ய வேண்டா. வலம் இடமாகத் தெரிந்து குழப்பிவிடும்.

ஒரு மண்டலம் பொறுத்திருங்கள்

தேர்ந்தெடுத்த குறியை ஒரு தாளில் உண்மையான அளவிலேயே வரைந்து பூசையறையில் வையுங்கள். ஒரு மண்டலம், அதாவது 48 நாள், நாள்தோறும் விளக்கேற்றும்போது அதனைப் பாருங்கள். முடிவிலும் அது வேண்டும் என்று மனம் கூறினால், மருதாணியால் அதே இடத்தில் அதே அளவில் இட்டுப் பாருங்கள். ஓரிரு வாரங்களில் மங்கிவிடும் அக்குறி, எந்தப் பேச்சாலும் விளங்காததை விளக்கிவிடும். ஆனால் கடைகளில் கருப்பு மருதாணி என்று கூறி விற்பதை நம்பி ஏமாற வேண்டா. தலைமயிர்ச் சாயத்தில் சேர்க்கும் இரசாயனம் அதில் கலந்திருப்பதுண்டு. அது தோலைக் கொப்புளமாக்கி நிலையான தழும்பை உண்டாக்கவல்லது. இயற்கை மருதாணி செம்பழுப்பாகவே சிவக்கும், கருக்காது.

திருவிழா வாரத்தில் பச்சை குத்திக்கொள்வதை அறவே தவிர்த்தல் நன்று. புதிதாகக் குத்திய இடம் ஒரு புண்; மேல்தோல் ஆறுவதற்கே இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். அப்புண்ணோடு ஆற்றிலும் கடலிலும் நீராடுவதும், வெயிலில் நிற்பதும், வியர்வையும் புழுதியும் நிறைந்த கூட்டத்தில் இடிபடுவதும், அதன்மீது திருநீறும் சந்தனமும் அப்புவதும் தீங்கையே விளைவிக்கும். பூசத்துக்கு முன்பே நன்கு ஆறும்படி குத்திக்கொள்ளுங்கள். அன்றேல், நேர்த்திக்கடன் நிறைவேறிய பிறகு அமைதியாகச் செய்துகொள்ளுங்கள்.

உடம்பையே ஆலயமாகக் கண்டவர் திருமூலர். அவ்வாலயத்தில் தூய்மையற்ற ஊசி நுழையலாமா? கல்லீரலைத் தாக்கும் பி வகை, சி வகை மஞ்சள் காமாலைக் கிருமிகளும் எய்ட்ஸ் கிருமியும் ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியின் வழியே மற்றவருக்குப் பரவக்கூடும். புதிய ஊசியை உங்கள் கண்முன்னே உறையிலிருந்து பிரிக்க வேண்டும். மையை உங்களுக்கென்று தனிக் கிண்ணத்தில் ஊற்ற வேண்டும். கையுறை புதியதாக இருக்க வேண்டும். இவற்றைக் கேட்டால் முகம் சுளிப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுவது மானக்கேடன்று. நம்மவரிடையே மிகுந்து காணப்படும் நீரிழிவு உள்ளவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகும். காயம் பட்ட இடம் தடித்த தழும்பாக வளரும் இயல்பும் நம் தோலுக்கு உண்டு. இவ்விரண்டில் ஒன்று உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் துணியலாகாது. குருதிக்கொடை செய்வோரும், பச்சை குத்திய பின்னர்க் குறிப்பிட்ட காலம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதை அறிந்துகொள்வது நல்லது.

'பிடிக்காவிட்டால் அழித்துக்கொள்ளலாம்' என்பது வீண் ஆறுதல். லேசர் ஒளிக்கதிரால் அகற்றுவதற்குப் பலமுறை செல்ல வேண்டும். குத்துவதற்கு ஆன செலவைக் காட்டிலும் பன்மடங்கு செலவாகும். கருநிறத் தோலில் வெளுத்த திட்டோ கறுத்த திட்டோ தங்கிவிடுவதும் உண்டு. எனவே 18 வயது நிரம்பாதவர்கள் இதில் இறங்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பதினைந்தாம் வயதில் உயிராக நினைத்தது இருபத்தைந்தாம் வயதில் என்னவாகும் என்று எவரால் சொல்ல முடியும்?

ஆலயங்கள் என் செய்யலாம்?

ஆலய நிர்வாகத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். பிழையான குறியைக் கண்டு முணுமுணுப்பதைக் காட்டிலும், பிழை நேராமல் காப்பதே சிறந்த தொண்டு. வேல், ஓங்காரம், திரிசூலம் முதலியவற்றின் சரியான வடிவங்களை வரைந்து மண்டபத்தில் ஓர் ஓரமாக வைக்கலாம். எழுத்தைப் படித்துப் பார்த்துத் தர ஓர் ஆசிரியரையோ ஓதுவாரையோ அணுகலாம் என்று இளையோருக்குத் தெரிவிக்கலாம். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. பிள்ளைகள் கேட்கும்போது முகம் கொடுத்துப் பேசும் பெருந்தன்மையே தேவை. அதட்டப்பட்டவன் கோயிலுக்கு வெளியே போய் நிற்பான். அவனை அரவணைக்கக் கும்பல்கள் அங்கே காத்திருக்கின்றன என்பதை நாம் மறக்கலாகாது.

நிறைவாக ஒரு நினைவு. தோட்டப்புறத்தில் பால்மரம் வெட்டி எங்களை ஆளாக்கிய என் பாட்டியின் இடக்கையில் ஒரு சிறிய தேர்க்கோலம் இருந்தது. அவருடைய நகைகள் ஒவ்வொன்றாக அடகுக்கடைக்குப் போயின. சில மீண்டன, பல மீளவில்லை. "இதை மட்டும் எவனும் அடகு கேட்க மாட்டான், மேலே போகும்போது கூட வருவது இது ஒன்றுதான்" என்று அக்கோலத்தைத் தடவிக்கொண்டே சொல்வார். அவர் மறைந்த அன்று மூக்குத்தியையும் தோட்டையும் கழற்றி எடுத்தார்கள். கழற்ற முடியாத அந்தக் கோலம் மட்டும் அவரோடு நெருப்புக்குச் சென்றது.

கடைசி வரை உடன்வரப் போகும் ஒன்றை, கடைவீதியில் நடந்து செல்லும்போது கண்ணில் பட்டது என்பதற்காகத் தேர்ந்தெடுக்கலாமா? இளையோரே, பொறுத்திருந்து தேருங்கள். பெரியோரே, அருகில் இருந்து வழிகாட்டுங்கள். வேலவன் திருவருள் யாவருக்கும் உண்டாகுக.